ஊட்டி ஏறும்போது கார் ஏன் திணறுகிறது?

கேள்வி: 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஊருக்குள் நன்றாக இழுக்கிறது. நாலு பேரோடு, ஏசி போட்டு ஊட்டி ஏறினால் குன்னூர் தாண்டியதும் திணறுகிறது. சர்வீஸுக்கு விடணுமா?

பதில்: வேண்டியிருக்காது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. கடற்கரைக் காற்றோடு ஒப்பிட்டால் ஊட்டிக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத இன்ஜின், வெளியே இருக்கிற காற்றைத்தான் இழுக்க முடியும். காற்று குறைந்தால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடும். ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் இழப்பு என்பது மெக்கானிக் கணக்கு. சென்னையில் 80 குதிரைத்திறன் தரும் இன்ஜின் அங்கே அறுபது சொச்சம்தான் தரும்.

மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு இறக்கி, 3,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஏறுங்கள். சத்தம் கூடும், கூடட்டும். ஏற்றத்தில் ஏசியை அணைத்தாலும் வித்தியாசம் தெரியும் (ஊட்டிக்குப் போகையில் ஏசி எதற்கு என்பது வேறு விஷயம்). கீழே, சாதாரண மேம்பாலத்திலும் இதே திணறல் என்றால் ஏர் ஃபில்டரையும் கிளட்சையும் பாருங்கள்.

கேள்வி: மலைக்குக் கிளம்பும் முன் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இழுவை கூடுமா?

பதில்: காசுக்குக் கேடு. ஆக்டேன் என்பது சக்தி அல்ல, நாக்கிங்கை (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை) தாங்கும் திறன். உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் நாக்கிங் வாய்ப்பும் குறைகிறது. உயரமான இடத்தில் இருக்கும் அமெரிக்காவின் டென்வர் பக்கம், மற்ற இடங்களில் 87 என்று விற்கும் சாதாரண பெட்ரோல் 85 ஆகவே கிடைப்பது கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் பழைய பாகம்) காலத்து வழக்கத்தால்தான். டர்போ பெட்ரோல் கார்களுக்கு இது பொருந்தாது. டர்போ காற்றை அமுக்கித் திணிப்பதால் உள்ளே அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. மேனுவலில் என்ன ஆக்டேன் சொல்லியிருக்கிறதோ அதையே போடுங்கள்.

கேள்வி: டர்போ டீசல் எஸ்யூவியில் லே போகிறோம். கவலை இல்லையே?

பதில்: இழுவையில் பெரிய கவலை இல்லை. ஆனால் லே அருகே உள்ள கர்துங் லா கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் பாதிதான், டர்போ வேகம் பிடிக்கும் வரை வண்டி மந்தமாக இருக்கும். குளிர்காலப் பயணம் என்றால் டீசல்தான் பிரச்சினை. அதிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. கீழிருந்து நிரப்பிய டேங்க்கோடு மேலே போய் இரவில் நிறுத்தாதீர்கள், அங்கே நிரப்புங்கள்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் புல்லட். மேலே போனால் கரும்புகை.

பதில்: காற்று குறைந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது, பெட்ரோலை அதே அளவில் விடும். ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) போடுங்கள். இறங்கியதும் மறக்காமல் பழையதை மாட்டுங்கள், இல்லையென்றால் இன்ஜின் சூடேறும்.

கேள்வி: ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் இன்ஜினை அணைத்து இறங்கினால் மைலேஜ் கிடைக்குமா?

பதில்: 36 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையிலா? இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்க உதவும் பாகம்) வேக்யூம், அதாவது உறிஞ்சும் விசை, வராது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். உயரத்தில் ஏற்கெனவே வேக்யூம் உதவி குறைவு வேறு. இரண்டாவது கியரில் வையுங்கள்: ஆக்சிலேட்டரை விட்டதுமே இசியு பெட்ரோலை நிறுத்திவிடும்.