குல்மார்க் பனியில் பழைய போன் தாங்குமா?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறோம். என்னுடைய போனுக்கு மூன்று வயது. படமெல்லாம் நன்றாகத்தான் எடுக்கிறது. ஆனால் மணாலி போய் வந்த நண்பர், "பனியில் உன் போன் படுத்துவிடும், புதுசு வாங்கு" என்கிறார். கடைக்காரரோ ஐபி68 என்று 45,000 ரூபாய் மாடல் ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: குளிருக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஐபி68 என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் தடுப்பதற்கான தரம். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லட்ச ரூபாய் ஐபோனுக்கே ஆப்பிள் சொல்லும் வரம்பு 0 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான். நீங்கள் போவது டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் நீடிக்கும் சில்லை கலான் எனும் கடுங்குளிர் சமயம். கோண்டோலா என்கிற கேபிள் காரில் ஏறி அஃபர்வாத் மலைச் சரிவுக்குப் போனால் எந்தப் புதுப் போனும் அந்த வரம்புக்கு வெளியேதான் நிற்கும்.

அதற்காக நண்பர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. லித்தியம் அயான் பேட்டரிக்குள் குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, மின்சாரம் வெளியே வருவதைத் தடுக்கும் உள்தடை ஏறும். வீடியோ எடுக்கத் தொடங்கியதும் போன் நிறைய மின்சாரம் இழுக்கும், வோல்டேஜ் சட்டென்று இறங்கும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த திரை அப்படியே கறுப்பாகிவிடுவது இதனால்தான். சார்ஜ் எங்கும் ஓடிவிடவில்லை. உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து ஆன் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பழைய பேட்டரிக்கு உள்தடை ஏற்கெனவே அதிகம் என்பதால் அதுதான் முதலில் விழும்.

எனவே பேட்டரியை மட்டும் கவனித்தால் போதும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். சாம்சங் என்றால் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் சோதிக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுவது நல்லது. "ஒரிஜினல்தான் சார்" என்று தெருமுனைக் கடையில் போட்டுத் தரும் பேட்டரியை நம்பிப் பனிமலை ஏறாதீர்கள்.

அங்கே போனதும் போனை ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள், படம் எடுக்க மட்டும் வெளியே எடுங்கள். கை சூடேற்றும் பாக்கெட்டைப் போனோடு ஒட்டி வைக்க வேண்டாம், அது அளவுக்கு மீறிச் சூடாகும். சிக்னல் தேடியே சார்ஜ் கரையும் என்பதால் ஏரோபிளேன் மோட் உதவும். அப்புறம், நம்மூர் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் எடுபடாது, போஸ்ட்பெய்ட்தான் வேண்டும். படமெல்லாம் கிளவுடில் ஏறிவிடும் என்றிருக்காமல் போனில் இடம் காலி செய்துகொண்டு போங்கள்.

கேள்வி: பெரிய பவர் பேங்க் ஒன்று வாங்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: பாதிதான் தீரும். பவர் பேங்குக்குள் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான், அதற்கும் குளிரும். முக்கியமாக, பூஜ்ஜியத்துக்குக் கீழே சில்லிட்டுப் போன போனைச் சார்ஜில் போடக் கூடாது. லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்து, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பல போன்கள் தாமே சார்ஜ் ஏற்க மறுப்பதும் இதற்காகத்தான். அறைக்கு வந்து, போன் சூடான பிறகு போடுங்கள். பகலுக்கு 10,000 எம்ஏஎச் தாராளம். விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம், கொள்ளளவு 100 வாட்-ஹவர் வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-ஹவர்.

கேள்வி: குளிரிலிருந்து ஹோட்டலுக்குள் வந்ததும் போன் வியர்த்துவிடுமாமே. ஐபி68 போன் அப்படிக் கெட்டால் வாரன்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: வாரன்டியை நம்ப வேண்டாம். விளம்பரத்தில் தண்ணீருக்குள் நீந்தும் போனுக்கும், வாரன்டி தாளில் நீர்ச்சேதம் சேராது என்று எழுதிவைப்பது வழக்கம். இந்த இரட்டைப் பேச்சுக்காகத்தான் 2020-ல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. குளத்திலும் கடலிலும் போனைக் காட்டிய விளம்பரங்களுக்காக 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் விதித்தது.

உங்களுக்கு ஒரு ஜிப் லாக் கவர் போதும். வெளியே நிற்கும்போதே போனை அதில் போட்டு மூடி, அறைக்குள் கொண்டுவந்து அரை மணி, முக்கால் மணி நேரம் திறக்காமல் விடுங்கள். ஈரம் கவரின் மேல் படியும், போனில் படியாது. படம் பார்க்கும் அவசரத்தில் பிள்ளைகள் பிரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு!

கேள்வி: படத்தில் பனி சாம்பல் நிறமாக விழுகிறதே, அதற்காவது நல்ல கேமரா போன் வேண்டாமா?

பதில்: வேண்டாம். திரை முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். பனியின் மேல் தொடுங்கள், கட்டத்தின் பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி அல்லது கோடு வரும். அதைக் கொஞ்சம் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டுங்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், விரல் நுனியில் மின்கடத்தும் இழை வைத்த டச் கிளவுஸ் வாங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால் வால்யூம் பட்டனை அழுத்தியே படம் எடுக்கலாம்.