பங்குனியில் விழும் ஸ்னோ: ஒரே நாளில் கரைவதை எப்படி ரசிப்பது?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் மாசிக் கடைசியில் எங்களிடம் வந்தார்கள். ஏப்ரல் முதல் வாரம் திரும்புகிறார்கள். இதுவரை அவர்கள் பார்த்தது கடைவாசல்களில் குவித்து வைத்த கறுத்த ஸ்னோ மட்டும்தான். "இதைத்தானோ இவ்வளவு காலமும் படம் பிடிச்சு அனுப்பினனீங்கள்?" என்று அம்மா கேட்கிறார். இந்த வாரம் ஓரிரவு விழும், அடுத்த நாளே கரைந்துவிடும் என்கிறது வானிலை அறிக்கை. வடக்கே எங்காவது கூட்டிப் போகலாமா? இருவருக்கும் வயது எழுபதுக்கு மேல். (கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோ வாசகி)

பதில்: எங்கேயும் போகாதீர்கள். ஸ்னோ விழுந்த காலையில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடினால், நல்ல நேரம் முழுவதும் வண்டிக்குள்ளேயே போய்விடும். உங்கள் வாசலும் பக்கத்துப் பூங்காவும் போதும். ஆனால் நேரத்தைத் தவறவிடக் கூடாது.

காரணம் வெயில். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் உச்சி வேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 பாகைதான் ஏறும். மார்ச் 20 அளவில் அது 46 பாகை, ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். ஜனவரியில் விழுந்தது வாரக்கணக்கில் கிடக்கும். இப்போது விழுவது காலை பத்து மணிக்கே கிளைகளிலிருந்து சொட்டத் தொடங்கிவிடும். அதனால் விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை உங்கள் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்து, கையுறை, தொப்பி எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கதவடியில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இரவில் விழத் தொடங்கும்போதே அம்மாவை வாசல் விளக்கின் கீழே கூட்டி வாருங்கள். "பனி தலையில் இறங்கும்" என்று சொல்வார். தலையை மூடிக்கொண்டு வரட்டும். கறுப்புக் கம்பளிக் கோட் ஒன்றைப் பத்து நிமிடம் முன்னதாகவே வெளியில் தொங்கவிட்டுக் குளிரவையுங்கள். வீட்டுச் சூட்டோடு போட்டு வந்தால் விழுந்தவுடனே கரைந்துவிடும். குளிர்ந்த கோட்டைப் போட்டுக் கையை நீட்டி, மூச்சை மறுபக்கம் விட்டுக்கொண்டு, கோட்டின் கையில் விழுந்ததைப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியிருக்கும்போது பல படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பஞ்சுத் துணுக்குப் போலத்தான் விழும். அவசரப்படாமல் அந்தத் துணுக்கின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஆறு கைகள் விரித்த ஒரு நட்சத்திரமோ, முறிந்த ஒரு கையோ தெரியும். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால்தான் எப்போதும் ஆறு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல் நுண்ணோக்கியோடு கமெராவைப் பொருத்தி ஒரு படிகத்தை முதன்முதலாகப் படம் எடுத்தார். பிறகு ஆயுள் முழுக்க 5,000-க்கும் மேல் எடுத்தார். அவரும் குளிர்ந்த கறுப்புப் பலகையை நீட்டித்தான் அவற்றைப் பிடித்தார்.

காலையில் கதவைத் திறந்தவுடன் ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். புதிய ஸ்னோவில் பெரும்பகுதி காற்று. அந்த இடுக்குகள் சத்தத்தை உறிஞ்சிவிடும். தெருவில் வண்டி போனாலும் தூரத்தில் போவதுபோலத்தான் கேட்கும். படத்தில் அனுப்ப முடியாதது இது ஒன்றுதான். எனக்கு ஸ்னோவில் எல்லாவற்றையும் விடப் பிடித்ததும் இந்த அமைதிதான்.

பிறகு பூங்காவுக்குப் போகலாம். பிறிம்லி வீதியில் இருக்கும் தொம்சன் பூங்கா உங்களுக்குச் சரியாக இருக்கும். பாதை அகலம், ஏற்றம் குறைவு. ஈரமான ஸ்னோ இப்போது சின்னக் குச்சிகளில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கிளைக்கும் மேலே வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி. ஜனவரியின் உலர்ந்த தூள் அப்படி ஒட்டாது. ஊசியிலை மரங்களின் பக்கம் காதைக் கொடுங்கள். கார்டினல் என்ற சிவப்புக் குருவி குளிர்காலம் முழுக்க இங்கேயே இருப்பது. இந்த மாதத்தில் உச்சிக் கிளையில் இருந்து பாடும். வெள்ளைக் கிளையில் அந்தச் சிவப்பை ஒருமுறை பார்த்தால் உங்கள் அம்மா கறுத்த குவியலை மறந்துவிடுவார்.

படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கமெரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அதனால் ஸ்னோ மங்கலாக விழும். தொலைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். வெயில் வந்துவிட்டால் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி அவசியம். விழும் ஒளியில் 80 வீதத்துக்கு மேல் புது ஸ்னோ திருப்பி எறியும். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அது பெரிய தொந்தரவு.

பெரும்பாலானோர் இதோடு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக்கும் மேலான அழகு கரைவதில்தான் இருக்கிறது. சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மூன்று மணிக்குத் திரும்பவும் வெளியே வாருங்கள். மரங்களின் அடியைப் பாருங்கள். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஸ்னோ வட்டமாக விலகி மண் தெரியும். கறுத்த பட்டை வெயிலை வாங்கிச் சூட்டைத் திருப்பி விடுவதால் அப்படி. தெற்குப் பக்கம் வட்டம் பெரிதாக இருக்கும். கூரை விளிம்பில் பனிக்கட்டி ஈட்டிகள் தொங்கும். ஒன்றின் நுனியில் துளி எப்படிச் சேர்கிறது என்று அப்பாவோடு நின்று பாருங்கள்: பருத்து, நடுங்கி, விழுகிறது. அடுத்த துளி அதே இடத்தில் உடனே திரளும். ஆனால் அந்த ஈட்டிகளுக்கு நேர் கீழே மட்டும் நிற்க வேண்டாம்.

நம் ஊரில் பனி என்றால் விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த தமிழர்கள் மாசி, பங்குனியைப் பின்பனிக் காலம் என்றார்கள். உங்கள் பெற்றோர் வந்திருப்பது அதே பருவத்தில்தான். மாலையில் கிளைநுனிகளில் நிற்கும் துளிகளைக் காட்டினால் அதை அவர்களே சொல்வார்கள்.

ஆபத்து இரண்டாம் நாள் காலையில்தான். பகலில் கரைந்த நீர் இரவில் மைனஸுக்கு இறங்கும்போது கண்ணாடி மாதிரி உறையும். ஈரத் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எட்டு மணி நடை அன்று வேண்டாம், வெயில் ஏறிய பிறகு போங்கள். சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்பிடிகள் கடைகளில் கிடைக்கும், இருவருக்கும் வாங்குங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதையும் பதித்து, சிறு அடியாக நடக்க வேண்டும். கைகளைச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம். குளங்களின் மேல் கிடக்கும் பனிக்கட்டியில் யாரும் கால் வைக்கக் கூடாது, மார்ச் மாதத்தில் அதை நம்பவே முடியாது. ஸ்காபரோ பிளவ்ஸ் என்ற ஏரிக்கரைச் செங்குத்துச் சரிவின் விளிம்புக்கும் இந்த நாட்களில் போகாதீர்கள்.

இன்னொன்று: அப்பா உதவி செய்கிறேன் என்று ஸ்னோ அள்ளும் சவளை எடுப்பார். கொடுக்காதீர்கள். ஈர ஸ்னோவின் எடை தூள் ஸ்னோவைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். குளிரில் ஏற்கெனவே இறுகிய இரத்தக் குழாய்களோடு அதைத் தூக்குவது இதயத்துக்குப் பெரும் சுமை. நீங்களும் தூக்காமல் தள்ளுங்கள்.

இரவு உறைந்து பகல் கரையும் இந்த நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். உங்களுக்கு ஒரு பயணம் வேண்டுமென்றால் அதற்காகப் போங்கள், ஸ்னோ விழுந்து இரண்டு மூன்று நாள் கழித்து, வீதி காய்ந்த பிறகு. ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் கோர்ட்ரைட் இயற்கைப் பாதுகாப்பு நிலையத்தில் மார்ச் மாதங்களில் மரத்தில் குழாய் செருகிச் சாறு எடுப்பதையும் காய்ச்சுவதையும் காட்டுவார்கள். சுமார் 40 லீற்றர் சாறு வற்றினால்தான் 1 லீற்றர் பாணி. கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சியதைப் பார்த்து வளர்ந்த உங்கள் அப்பாவுக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. அவரே உங்களுக்குச் சொல்வார்.