மூக்குக்கண்ணாடியில் தொடங்கிய கேள்வி

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சென்ற வாரம் ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் மகளைக் கணினிப் பொறியியலில் சேர்க்க நான்கு ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு லட்சம் ஆகுமாம். அதற்காக நஞ்சை நிலத்தை அடமானம் வைக்கும்படி தாய்மாமன் வற்புறுத்துகிறார். "மாமன் நல்லதுக்குத்தானே சொல்வார்" என்றார் தந்தை. நல்லதுக்குத்தான் சொல்வார், ஆனால் தவணை கட்டப்போவது அவர் அல்லர் என்று நேராகவே சொன்னேன்.

அந்தப் பெண் அதுவரை வாய் திறக்கவில்லை. உனக்கு எதில் ஆர்வம் என்று கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "இது பிளாஸ்டிக் என்று கடைக்காரர் சொன்னார், சார். என் அளவுகோலும் பிளாஸ்டிக்தான், அது முழுக்கக் கீறல். இதில் மட்டும் ஏன் அவ்வளவாக விழவில்லை?"

ஐயா, உங்கள் மகளின் இந்தக் கேள்விக்குள் ஒரு துறையே இருக்கிறது. அந்த வில்லையின் மேல் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் ஒரு பூச்சு உண்டு. அத்தகைய பூச்சுகள் பலவும் சோல்-ஜெல் முறையில் உருவாகும், கண்ணாடியும் கரிமப் பொருளும் கலந்த கலப்பினப் பொருள்கள். சாதாரணக் கண்ணாடியை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதில் பிளாஸ்டிக் போன்ற எந்தக் கரிமப் பொருளும் (கார்பன் சார்ந்த பொருளும்) கருகிவிடும். சோல்-ஜெல் முறையிலோ, சிலிக்கான் ஆல்காக்சைடு என்னும் திரவத்தில் நீரும் சிறிது அமிலமும் சேர்த்தால், அறை வெப்பநிலையிலேயே சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புகள் வலைபோல் பின்னிக்கொண்டு, திரவம் மெல்ல ஜெல்லாக இறுகுகிறது. ஆனால் தூய சிலிக்காப் படலம் உலரும்போது சுருங்கும். ஏறத்தாழ ஒரு மைக்ரானைத் தாண்டினாலே வெயிலில் காய்ந்த கண்மாய்போல வெடித்துவிடும். இதைத் தவிர்க்க, சிலிக்கானின் நான்கு கைகளில், அதாவது பிணைப்புகளில், ஒன்றில் கரிமத் தொகுதி பிணைந்த சிலேன்கள் என்னும் சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். நீர் மற்ற மூன்று கைகளையும் பிரித்து வலையில் கோக்கும். சிலிக்கான்-கார்பன் பிணைப்பை மட்டும் அது தொடுவதில்லை. ஆகவே கண்ணாடியின் கடினமும் பிளாஸ்டிக்கின் நெகிழ்வும் ஒரே படலத்தில் அமைகின்றன. இரண்டும் நானோமீட்டர் அளவில் கலந்திருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. ஏறத்தாழ 100 டிகிரியிலேயே பதப்படுத்தலாம் என்பதால் அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் உருகுவதில்லை.

அந்த ஒரு கையில் எதைப் பொருத்துகிறோமோ அதற்கேற்பக் குணம் மாறும். மெத்தில் தொகுதி இருந்தால் நீர் ஒட்டாது. எப்பாக்சி இருந்தால் பூச்சு இறுகப் பற்றும். விமான அலுமினியத்தை அரிப்பிலிருந்து காத்துவந்த ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் தரும் என்பதால், அதற்கு மாற்றாகவும் இவ்வகைப் பூச்சுகள் பயன்படுகின்றன. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகம் உருவாக்கிய ஆர்மோசர் என்னும் இவ்வகைக் கலப்பினப் பொருள் பல் அடைப்பு வரை வந்துவிட்டது. ஐதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. என்னும் மத்திய அரசு சார்ந்த ஆய்வு நிறுவனத்தில் சோல்-ஜெல் பூச்சுகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது.

இதற்கான வழி பி.எஸ்சி. வேதியியல். உறவினர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிப்பு முடியும். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்னும் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், அதற்குக் கணிதமும் ஓரளவு வேண்டும் என்பதை அவளிடமும் சொல்லிவிட்டேன். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். பி.எஸ்சி. முடித்த கையோடு பெரிய சம்பளம் வரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஐந்து ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் போட்டி உண்டு. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

அடமானப் பத்திரத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான். மாணவர்களைப் பார்வையிட அனுமதிக்கும் நாளை விசாரித்து அவளை அழைத்துச் செல்லுங்கள். தாய்மாமனும் உடன் வரட்டும்.