ரத்தத்தில் ஓடும் புற்றுசெல் எலும்பில் எப்படி ஒட்டுகிறது?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ரத்தத்தில் கலந்த செல்கள் பிறகு எலும்பில் போய்த் தங்கலாம் என்கிறார் டாக்டர். இத்தனை உறுப்புகள் இருக்க, எலும்பில் ஏன்?

பதில்: ரத்தத்தில் கலக்கும் புற்றுசெல்களில் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துபோகும். எலும்பை அடைபவை பெரும்பாலும் ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் சிவப்பு மஜ்ஜை உள்ள முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேல்முனை ஆகிய இடங்களில்தான் தங்குகின்றன. மஜ்ஜையின் நுண்ணிய ரத்தநாளங்கள் அகலமானவை, சுவர் மெல்லியது, ஓட்டமும் மந்தம். ஆனால் மந்த ஓட்டம் மட்டும் காரணமில்லை. இ-செலக்டின் என்ற புரதம் பெரும்பாலான உறுப்புகளின் நாளச் சுவரில் அழற்சி வந்தால்தான் தலைகாட்டும். மஜ்ஜையிலோ எப்போதும் இருக்கும். ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் மஜ்ஜைக்குத் திரும்ப அது வேண்டும். மஜ்ஜை மாற்று சிகிச்சையில் நரம்பு வழியே ஏற்றும் செல்கள் தாமாகவே மஜ்ஜையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். புற்றுசெல் நுழைவதும் அதே வாசல் வழியே.

புற்றுசெல்லின் மேல் உள்ள சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற சர்க்கரைத் தொடரை இ-செலக்டின் பிடிக்கிறது. பிடி உறுதியானதல்ல; ஒன்று விட, அடுத்தது பிடிக்க, செல் சுவரோரமாக உருளும். அப்போது மஜ்ஜை சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் செல்லின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியில் படுகிறது. உடனே செல்லின் மேல் உள்ள இன்டெக்ரின்கள் என்ற ஒட்டுப் புரதங்கள் விறைத்து, சுவரில் உள்ள விகேம்-1 புரதத்தை இறுகப் பற்றும். செல் நின்றுவிடும், பிறகு சுவர்ச் செல்களுக்கு நடுவே நெளிந்து உள்ளே போகும். உள்ளே போனது உடனே வளராது, பல வருடம் உறங்கியும் கிடக்கலாம்.

கேள்வி: அந்த ஒட்டுதலை மருந்தால் தடுக்க முடியாதா?

பதில்: இ-செலக்டினைத் தடுக்கும் உப்ரோலெசெலான் என்ற மருந்து ரத்தப் புற்றுநோய்க்குச் சோதிக்கப்பட்டது, 2024இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனை முடிவின்படி அது ஆயுளை நீட்டவில்லை. மார்பகப் புற்றுநோயில் இப்போது கைகொடுப்பது சோலெட்ரானிக் அமிலம். அது ஒட்டுதலைத் தடுக்காது, எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்கு, எலும்பில் நோய் வருமுன்பே, 6 மாதத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம் என 3 முதல் 5 ஆண்டு கொடுப்பதுண்டு. நரம்பு வழியே 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சிறுநீரகம் கெடும். அதனால் ஒவ்வொரு முறையும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பாருங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கால்சியமும் வைட்டமின் டியும் விடாதீர்கள்.

படுத்தாலும் குறையாமல் இரவில் கூடும் முதுகுவலி இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அத்துடன் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனை.