சரக்கு இழுக்கும் பழைய 454 டிரக்கில் கேம்ஷாஃப்டை மட்டும் பெரிதாக மாற்றினால் போதுமா? பெட்ரோல் மிச்சமாகுமா?

போதாது. கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக கேம்) என்பது வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு; 454 என்பது இன்ஜினின் கன அங்குல அளவு. உங்கள் செவர்லே 1990 வரை வந்த மார்க் ஃபோர் வகை இன்ஜின் கொண்டது, டிரெய்லர் இழுக்கத்தான் அதை வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு என்னோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர்களுடைய கணக்கு வேறு.

நான் இந்த வேலையில் இறங்கியது ஆசையால் அல்ல. என் டிரக் சுமை ஏறும்போதெல்லாம் கார்புரேட்டர் வழியாகத் துப்பத் தொடங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் இக்னிஷனைத்தான் குறை சொன்னார்கள். நான் வால்வு கவரைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி, வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ஒவ்வொரு ராக்கரின் அசைவையும் டயல் இன்டிகேட்டர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்தேன். ஓர் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவை திறக்கும் அளவில் பாதிகூடத் திறக்கவில்லை. எரிந்த வாயு வெளியே போக வழியின்றி, இன்டேக் வால்வு திறந்ததும் அந்தப் பக்கமாகப் பீறிட்டிருக்கிறது. கேமில் அந்த வால்வுக்கான புடைப்பு, அதாவது லோப், தேய்ந்து ஏறக்குறைய வட்டமாகிவிட்டது.

புதிய கேமைத் தேர்ந்தெடுத்தபோது எனக்குக் கிடைத்த அறிவுரைகள் அனைத்தும் "பெரிதாகப் போடு", அதாவது வால்வை அதிக நேரமும் அதிக உயரமும் திறப்பதைப் போடு என்பதாகவே இருந்தன. 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) உள்ள இந்த இன்ஜினின் பலம் கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிறது. வால்வு திறந்திருக்கும் நேரமான டியூரேஷனைக் கூட்டினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். மேலேறும் பிஸ்டன், குறைந்த வேகத்தில், உள்ளே வந்த காற்றையே திரும்பத் தள்ளிவிடும். அதோடு இன்டேக் பக்க வெற்றிடமும் குறைவதால், அதை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டரும் பலவீனமாகும். போதாக்குறைக்கு, அக்காலத்து டிரக் சிலிண்டர் ஹெட்களில் பல, பீனட் போர்ட் என்று அழைக்கப்படும் சிறிய காற்றுப் பாதை உள்ளவை. உயர் ஆர்பிஎம்முக்கான கேம் அவற்றில் வீண். ஆகவே லோப் 0.050 அங்குலம் உயர்த்தும் இடத்தில் அளந்த டியூரேஷன் 204 முதல் 218 டிகிரிக்குள் இருப்பதையே வாங்குங்கள் என்பேன்.

வால்வு திறக்கும் உயரமான லிஃப்ட் விஷயத்தில்தான் வால்வை மூடும் ஸ்பிரிங் குறுக்கே வருகிறது. ராக்கர் விகிதம் 1.7 என்பதால், லோப் 0.300 அங்குலம் உயர்ந்தால் வால்வு 0.510 அங்குலம் திறக்கும். அப்போது ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா, ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் ரீடெய்னர் வால்வு சீலில் இடிக்கிறதா என்பதை அளக்காமல் பூட்டவே கூடாது. நான் ஹெட்களைக் கொடுத்த பட்டறை, ஸ்பிரிங்குகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தும் அதைச் சமன் செய்யும் மெல்லிய வளையமான ஷிம் வைக்காமல் திருப்பித் தந்தது. அளந்து காட்டியதற்கு "டிரக்குக்கு இது போதும்" என்றார்கள். முழுக் கூலி வாங்கும்போது மட்டும் அது டிரக் என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை. ஷிம்களை நானே வைத்துக்கொண்டேன்.

கேமோடு லிஃப்டர்களும், அதாவது லோபின் மேல் அமர்ந்து புஷ்ராட் என்ற கம்பி வழியாக ராக்கரைத் தள்ளும் சிறு உருளைகளும், புதியவையாக இருக்க வேண்டும். இந்த இன்ஜினில் உள்ள ஃபிளாட் டாப்பெட் (தட்டை அடி) லிஃப்டரின் அடிப்பகுதி பெயருக்குத்தான் தட்டை; இரண்டு புதிய லிஃப்டர்களை அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். அந்த லேசான குவிவும் லோபின் சரிவும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழலாத லிஃப்டர் லோபைத் தின்றுவிடும். கேமைச் சுழற்றும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அதையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது கேமைப் பின்தங்க வைத்து, நீங்கள் தேடும் இழுவையைத்தான் முதலில் குறைக்கும். ராக்கர் நட்டை இறுக்கும்போது புஷ்ராடின் மேல்கீழ் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்று போதும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்ததும், புதிய லோபும் லிஃப்டரும் ஒன்றோடொன்று பழக, ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க இன்றைய கார் ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்களைக் குறைத்துவிட்டார்கள். எனவே இதற்கென விற்கும் பிரேக்-இன் ஆயிலையே ஊற்றுங்கள். 1996 முதல் வந்த, அடியில் சக்கரம் உள்ள ரோலர் லிஃப்டர் இன்ஜினுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை.

என் டிரக் இப்போது முன்பு கியர் இறக்கிய ஏற்றங்களில் அதே கியரில் போகிறது. பெட்ரோல் மிச்சத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 7.4 லிட்டர் இன்ஜினில், அதுவும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, அதை எதிர்பார்த்துச் செலவு செய்யாதீர்கள்.