சேலை வரவில்லை, 'ஜிஎஸ்டி' மட்டும் கேட்கிறார்கள்: பெருந்துறை வாசகிக்குப் பதில்

கேள்வி: போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது 'சேலம் இளம்பிள்ளையில் இருந்து நேரடி விற்பனை, 3 சேலை 1,499 ரூபாய், இன்று இரவு 12 மணி வரை மட்டும்' என்று ஒரு விளம்பரம் வந்தது. யுபிஐயில் பணம் அனுப்பினேன். மறுநாள் வாட்ஸ்அப்பில், 'பார்சல் சேலத்தில் நிற்கிறது, ஜிஎஸ்டி 850 ரூபாய் கட்டுங்கள், டெலிவரி ஆனதும் திருப்பித் தருவோம்' என்றார்கள். அதையும் கட்டினேன். இப்போது இன்சூரன்சுக்கு 2,400 ரூபாய் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் முதலில் கட்டியதும் போய்விடுமாம். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது? தீபாவளிக்கு இனி எதை நம்பி வாங்குவது?

பதில்: அந்த 2,400 ரூபாயைக் கட்டாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது இணையப் பணமோசடிக்கான அரசு உதவி எண். நீங்கள் அனுப்பிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. அங்கிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பேசும்போது இரண்டு பரிவர்த்தனைகளின் 12 இலக்க எண், தேதி, நேரம், பணம் போன யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்கட்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

அந்த நபரை பிளாக் செய்யும் அவசரம் வேண்டாம். முதலில் விளம்பரப் பக்கம், வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இப்படிப்பட்ட பக்கங்கள் ஒரே இரவில் காணாமல் போகும். பிறகு உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். யுபிஐ பின் நம்பரை நீங்களே போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி தானாகத் திருப்பித் தந்துவிடும் என்று எண்ணியிருக்க வேண்டாம். முழுத் தொகையும் திரும்ப வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் புகார் செய்யாத பணம் திரும்பி வர வழியே இல்லை.

நான் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். அதனால் அந்த 'ஜிஎஸ்டி' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 1,499 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 75 ரூபாயைக்கூடத் தொடாது. அவர்கள் வாங்கியது 850. அதைவிட முக்கியமானது, வரி விற்பவரின் பில்லிலேயே சேர்ந்து வரும். உள்ளூர்ப் பார்சலை வழியில் நிறுத்தி, வாங்குபவரிடம் வாட்ஸ்அப்பில் ஜிஎஸ்டி வசூலித்து, டெலிவரியின்போது அதைத் திருப்பிக் கொடுக்கும் நடைமுறை எங்குமே கிடையாது. 'கட்டினால் திரும்ப வரும்' என்று சொல்லிக் கேட்கப்படும் எந்தக் கட்டணமும் தூண்டில்தான். நீங்கள் இதுவரை கொடுத்தது 2,349 ரூபாய். இப்போது கேட்பது அதைவிட அதிகம். கட்டினால் நான்காவதாக ஒன்று வரும்.

வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதில் உங்கள் தப்பு என்று ஒன்றும் இல்லை. படித்தவர்கள், கடை நடத்துபவர்கள் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள். மறைத்து வைத்திருப்பதுதான் மோசடிக்காரர்களுக்கு வசதி. இன்னும் சில நாளில் 'சைபர் போலீஸ் பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், பிராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று ஒரு அழைப்பு வரலாம். அதே கூட்டத்தின் அடுத்த வேலை அது. அப்போது பக்கத்தில் உண்மை தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

சரி, தீபாவளி விஷயத்துக்கு வருவோம்.

ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஜவுளிச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். விலை படியவில்லை என்றால் வியாபாரி என்ன சொல்வார்? 'சுத்திப் பாத்துட்டு வாங்க, இங்கதான் இருப்போம்' என்பார். அடுத்த வாரமும் அதே இடத்தில் இருக்கப்போகிறவருக்கு நீங்கள் நகர்ந்து போவதில் பயம் இல்லை. இரவு 12 மணிக்குள் வாங்கியாக வேண்டும் என்று விரட்டுபவருக்கு அந்தப் பயம் உண்டு. திரையில் ஓடும் அந்தக் கடிகாரத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தால், பல தளங்களில் நேரம் முதலில் இருந்து தொடங்கும்.

நம் ஊர்ப் பெயர்களையே தூண்டிலில் மாட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். திருப்பூர் ஏற்றுமதி மிச்சம், பவானி ஜமுக்காளம், சென்னிமலைப் போர்வை, இளம்பிள்ளை சேலை என்று சொன்னால் நமக்கு உடனே நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதனால் பணம் அனுப்பும் முன் கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். அது எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து 15 இடம் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி டாட் கவ் டாட் இன் தளத்தில் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். பதிவு யார் பெயரில், எந்த ஊரில், இப்போது நடப்பில் இருக்கிறதா, எல்லாம் தெரியும். அடுத்து, யுபிஐயில் பின் நம்பர் போடுவதற்கு முன் வங்கிக் கணக்கின் பெயர் காட்டும் அல்லவா? அந்தப் பெயரும் ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சம்பந்தமே இல்லாத பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் வைத்து விற்கும் சிறு வியாபாரிகள் பலருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. 'வீடியோ காலில் அந்தச் சேலையை எடுத்துக் காட்டுங்கள், முந்தானையைப் பிரித்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். சரக்கு கையில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவார். எங்கிருந்தோ திருடிய படத்தை வைத்து விற்பவரால் முடியாது.

'சாஃப்ட் சில்க்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுமுகைப் பக்கம் அந்தப் பெயரில் அசல் பட்டிலேயே நெய்கிறார்கள். செயற்கை நூலில் தறியில் ஓட்டி அதே பெயரில் மலிவாக விற்பதும் உண்டு. மலிவு விலைக்குச் செயற்கை நூல் சேலை வாங்குவது தப்பில்லை, பட்டு என்று சொல்லி விற்பதுதான் தப்பு. அசல் பட்டுக்கு சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் சேலை ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணி போல் இறுகிவிடும்.

கேஷ் ஆன் டெலிவரி என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் பணம் கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் பார்சலைப் பிரிக்க முடிகிறது. யாருமே ஆர்டர் செய்யாத பார்சலைக் கொண்டுவந்து, வீட்டில் தனியாக இருக்கும் அம்மிச்சியிடம் 499 ரூபாய் வாங்கிப் போவதும் நடக்கிறது. 'எங்களைக் கேட்காமல் எந்தப் பார்சலுக்கும் பணம் கொடுக்க வேண்டாம்' என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது முகவரி ஒட்டியிருக்கும் பக்கத்தில் தொடங்கி நிறுத்தாமல் வீடியோ எடுப்பது நல்ல பழக்கம். தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. 'ரீஃபண்ட் வர பின் போடுங்கள்' என்றால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். டெலிவரி ஆள் என்று சொல்லி *21* எனத் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால், உங்கள் அழைப்புகளைத் தன் போனுக்குத் திருப்பிக்கொள்கிறான். தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# போட்டு ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆப் எதையும் நிறுவ வேண்டாம்.

முறையான பெரிய தளங்களும் சில்லறைத் தந்திரம் செய்வதுண்டு. நீங்கள் கேட்காத இன்சூரன்சையோ நன்கொடையையோ கூடையில் சேர்த்து வைப்பார்கள். கடைசித் திரையில் புதிதாக ஒரு கட்டணம் முளைக்கும். போலியாக அவசரப்படுத்துவது உட்பட இப்படிப்பட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. பழுதான பொருளை, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. குழப்பம் வேண்டாம்: கடை உண்மையானது, ஏமாற்றியது என்றால் 1915. கடையே பொய் என்றால் 1930. உங்களுடையது இரண்டாவது.

1930இல் புகார் பதிவானதும் ஒரு எண் தருவார்கள். அதைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், வங்கிப் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வையுங்கள். தீபாவளிக்கு இளம்பிள்ளைச் சேலைதான் வேண்டும் என்றால், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் பக்கமாய்ப் போய்வாருங்கள். தொட்டுப் பார்த்து, பேரம் பேசி, பில்லோடு வாங்கலாம்.