பொய் சொல்லாமல் ஏமாற்ற முடியுமா? கேள்வி பதில்

ஏமாற்றுவது, தவறாக எண்ணவைப்பது, வஞ்சிப்பது ஆகியவை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தத்துவ நூல்களை மொழிபெயர்ப்பது என் தொழில். அதனால் சொற்பொருளில் கொஞ்சம் அதிகமாகவே மல்லுக்கு நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொய் சொல்வதும் ஏமாற்றுவதும் ஒன்றுதானே?

இல்லை. "அவன் பொய் சொன்னான், நான் நம்பவில்லை" என்று சொல்லலாம். "அவன் என்னை ஏமாற்றினான், நான் நம்பவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். "ஏமாற்றப் பார்த்தான்" என்றுதான் வரும். ஏமாறு என்பது தன்வினை, ஏமாற்று என்பது பிறவினை. ஒருவர் ஏமாறினால்தான் இன்னொருவர் ஏமாற்றியவர் ஆவார். பொய் சொல்பவரின் வாயிலேயே முடிந்துவிடும். ஏமாற்று கேட்பவரின் மனத்துக்குள் போய்த்தான் நிறைவேறும். ஆகவே, சொன்னது மெய்யா பொய்யா என்பதை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது. கேட்டவர் எதை நம்பும்படி செய்யப்பட்டார் என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: தெரியாமல் தவறான தகவல் சொல்லிவிட்டேன். நான் பொய்யனா?

இல்லை. "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்கிறது 293ஆம் குறள். அளவுகோல் உலகம் அறிந்தது அல்ல, உங்கள் நெஞ்சு அறிந்தது. இதன் மறுபக்கமும் உண்டு. வெளியே வெயில் என்று நினைத்துக்கொண்டே "மழை பெய்கிறது" என்று ஒருவன் சொல்கிறான். தற்செயலாக மழை பெய்துகொண்டிருக்கிறது. அப்போதும் அவன் பொய்தான் சொன்னான்.

கேள்வி: அப்படியானால் ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் ஒருவரைத் தவறாக எண்ணவைக்க முடியுமா?

தாராளமாக. 1995இல் பிரிட்டனில் சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று ஓர் எச்சரிக்கை வெளியானது. 100 சதவீதம் அதிகம்! கணக்கு சரிதான். ஆனால் ஏறத்தாழ 7000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து இரண்டு பேருக்கு என்று ஆனது, அவ்வளவே. அச்சத்தில் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அதைத் தொடர்ந்து வேண்டாத கருத்தரிப்புகளும் கருக்கலைப்புகளும் கூடின. யாரும் பொய் சொல்லவில்லை, யாரையும் கெடுக்க நினைக்கவுமில்லை. ஒரு சதவீதம் எதன் சதவீதம் என்று சொல்லாமல் விட்டதே போதுமானதாக இருந்தது. இதே வேலையைத் தெரிந்தே செய்பவருக்குத்தான் ஏமாற்றுக்காரர் என்று பெயர். வரைபடத்தின் செங்குத்து அச்சைச் சுழியத்தில் தொடங்காமல் 95இல் தொடங்கி, 96க்கும் 98க்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுபவர் அந்த வகை.

கேள்வி: சொல்வது முழுக்க உண்மையாக இருந்தால் எப்படி ஏமாற்றாகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. குருக்ஷேத்திரத்துக்கே போவோம். பீமன் அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் இறந்தான் என்று கூவுகிறான். துரோணருக்கு மகன் பெயரும் அதுவே. பீமனை நம்பாமல், பொய்யே பேசாதவர் என்று பெயரெடுத்த தருமரிடம் கேட்கிறார். தருமர் "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, "யானை" என்பதை மட்டும் காதில் விழாதபடி முணுமுணுக்கிறார். சொல்லுக்குச் சொல் உண்மை. இருந்தும் அதுவரை தரையைத் தொடாமல் நால்விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் மண்ணைத் தொட்டுவிடுகிறது. காவியம் அந்த முணுமுணுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதைக் கவனியுங்கள். துரோணர் தருமரைத் தேடி வந்ததே அவர் வார்த்தையை நம்பித்தான். பொய்யனால் செய்ய முடியாத காரியம் அது. நேர்மைக்குப் பெயர் பெற்றவரால்தான் முடியும்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் இதில் வேறு கட்சி. ஒருவன் பெட்டி கட்டுவதைப் பார்த்து, ஊருக்குக் கிளம்புகிறான் என்று மற்றவர்கள் தாமாக முடிவுக்கு வந்தால் அவன் பொய் சொன்னதாகாது, அவன் எதையும் அறிவிக்கவில்லையே என்றார். பொய்யில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் அப்படி நம்பட்டும் என்றே பெட்டி கட்டியிருந்தால் ஏமாற்றினான் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: பேசாமல் இருப்பது?

சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் பேசாமல் இருந்தால் ஏமாற்று. வழியில் போகிறவருக்கு அந்தக் கடன் இல்லை. விற்பவர், மருத்துவர், துணைவர் ஆகியோருக்கு உண்டு.

கேள்வி: மந்திரவித்தைக்காரர்?

ஏமாறுவதற்காகவே நாம் டிக்கெட் வாங்குகிறோம். அடுத்த கேள்வி.

கேள்வி: நண்பர் உதவுவார் என்று நம்பியிருந்தேன், உதவவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார் என்று சொல்வது சரியா?

உங்களுக்கு ஏமாற்றம் என்பது உண்மை. தமிழில் இந்தச் சொல் கொஞ்சம் வம்பு பிடித்தது. பிறர் செய்த வஞ்சனைக்கும், நாமே வளர்த்த நம்பிக்கை பொய்த்த வருத்தத்துக்கும் ஒரே வேர். அவர் வாக்குக் கொடுத்தாரா, அல்லது உங்கள் நம்பிக்கை தவறு என்று தெரிந்தும் அதை வளரவிட்டாரா? இரண்டும் இல்லையென்றால் நீங்கள் ஏமாந்தீர்கள், அவர் ஏமாற்றவில்லை. மேலே நான் சொன்ன இலக்கண விதி இந்த ஒரு திசையில் நொண்டுகிறது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கேள்வி: காதில் பூச்சுற்றுவது, கண்ணில் மண்ணைத் தூவுவது, தலையில் மிளகாய் அரைப்பது எல்லாம் ஒரே பொருள்தானா?

நுட்பமான வேறுபாடு உண்டு. நம்ப முடியாததை நம்பச் சொல்வது பூச்சுற்றல். பார்த்துக்கொண்டிருப்பவரிடமிருந்தே தப்புவது மண் தூவல். ஒருவரின் வெகுளித்தனத்தை வைத்துத் தொடர்ந்து காரியம் சாதிப்பது மிளகாய் அரைத்தல்.

கேள்வி: நீங்கள் யாரையாவது ஏமாற்றியதுண்டா?

ஒரு புத்தகத்தை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் பதிப்பாசிரியர் அழைத்து, எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். "கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன்" என்றேன். மகிழ்ந்துபோனார். நான் அந்தப் புத்தகத்தில் முதலில் கையில் எடுத்ததே கடைசி அத்தியாயம்தான்.